வன்தட்டின் நலங் காண்டல்

ஒரு பொருளைச் செய்தல் ஒரு தொழில்; செய்த பொருளின் நலந்தீங்குகளைச் சோதித்து அறிதல் மற்றொரு தொழில். முன்னதில் வல்லார் பலர். பின்னதில் வல்லார் சிலரே. எம் ஊராகிய கம்மாபுரம், பீங்கான் தொழிலாற் பெயர் பெற்ற விருத்தாசலத்தை அடுத்துள்ளது. ஆண்டுத் தொழில் புரிவார், சூளையினின்று இறக்கிய கலத்தை விரலால் மெல்லத் தட்டிச் செவி கொடுத்துக் கேட்பர். கணீரென்று ஒலிப்பின் கலம் முழுமையுடையது. ஒலி மழுங்குமாயின் கண்ணுக்குப் புலனாகாத மயிரிழை விரிசல் ஒன்று அதனுள் உறைகின்றது என்பது துணிபு.

எம் பாட்டனார் அச்சூளைத் தொழிலிலேயே முதுமை எய்தியவர். அவர் உயிரோடிருந்த இறுதி ஈராண்டில், தொழில் பற்றி அவர் கூறியவற்றையெல்லாம் யாம் ஒலிப்பதிவு செய்து வைத்தோம். நெருப்பின் நிறங்கண்டு வெம்மையை மதிக்கும் முறை, அச்சின் வகைகள், களிமண்ணின் குணங்கள் என அவர் வழங்கிய சொற்களுட் சில எவ்வகராதியிலும் எமக்கு அகப்படவில்லை. தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனினும் சிறந்த செல்வம் யாது? அச்செல்வம் முழுவதும் எம் வீட்டுக் கணிப்பொறியில், ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டு ஒன்றனுள் மட்டுமே தங்கியிருந்தது. பாட்டனாரோ மறைந்தார், மீண்டும் கேட்டுப் பதிதற்கு வழியில்லை.

வன்தட்டு என்பது யாது? அலுமினியத்தாலேனும் கண்ணாடியாலேனும் ஆகிய வட்டத்தகட்டின்மேற் காந்தப்பூச்சுப் பூசி, அதனை நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலச் செய்வர். படிக்கும் முனை அத்தகட்டைத் தீண்டாது, தலைமயிரின் பருமனில் ஆயிரத்திலொரு பங்கினும் குறைந்த இடைவெளியில் மிதந்து செல்லும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி ஐம்பது பெருந்தகடுகளை உடையதாயிருந்தது. இன்று அதனினும் பன்மடங்கு செய்தி உள்ளங்கையில் அடங்குகின்றது. ஆயினும் அழியுந் தன்மை மட்டும் மாறிற்றில்லை.

இத்தட்டு தன் நலத்தைத் தானே குறித்துக்கொள்ளும் ஏற்பாடொன்று 1990களில் வகுக்கப்பட்டது. 'ஸ்மார்ட்' என்பது அதன் பெயர். அக்குறிப்பைப் படித்துக் காட்டும் மென்பொருள்களுள் ஸ்மார்ட்மான்டூல்ஸ், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்பன விலையின்றிக் கிடைப்பன. அவை காட்டும் எண்கள் பல; யாம் முதற்கண் நோக்கத்தக்கன இரண்டு. ஐந்தாம் எண்ணுடைய குறிப்பு, பழுதுற்ற 'செக்டார்' எத்துணை கைவிடப்பட்டுச் சேம இடத்திற்கு மாற்றப்பட்டன என்பதை உரைக்கும். பூச்சி அரித்த ஏட்டினை விலக்கிப் புத்தேடு சேர்த்தலை ஒக்கும் இது. 197ஆம் எண்ணுடைய குறிப்பு, படிக்க இயலாது ஐயத்தில் நிற்கும் இடங்களை எண்ணிக் காட்டும். இரண்டும் சுழியமாயிருத்தல் நன்று. நாள்தோறும் பெருகுதல் தீது.

சென்ற விடுமுறையில் எம் தட்டினைச் சோதித்தேம். ஐந்தாங் குறிப்பில் 8 என்றிருந்தது. ஒரு வாரங் கழித்து நோக்க 40 ஆயிற்று. பதிவுகள் யாவும் அப்பொழுதும் குறைவின்றி ஒலித்தன. எனினும் கலத்தின் ஒலி மழுங்கத் தொடங்கிற்று என உணர்ந்தேம். தட்டின் பரப்பு முழுவதையும் பல மணி நேரம் படித்துப் பார்க்கும் நெடுஞ்சோதனை ஒன்றுண்டு. நோயுற்ற தட்டிற்கு அது மேலும் சுமையாகுமாதலின், நகலெடுத்தலை முன்னும் சோதனையைப் பின்னும் வைத்தேம்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம்: சோதனை நன்றெனக் காட்டின் கவலையற்றிருக்கலாமோ? ஆகாது. 2007ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்து ஆய்வாளர் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிபு இதற்குச் சான்று. பரப்பினைத் துழாவுங்கால் முதற்பிழை காட்டிய தட்டு, பிழை காட்டாததினும் 39 மடங்கு அடுத்த 60 நாளிற் பழுதுறத்தக்கது என்றனர். ஆயின், பழுதுற்றவற்றுள் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை, வலிய குறிகள் நான்கனுள் ஒன்றனையும் காட்டாமலே மாண்டன என்றும் கண்டனர். கணீரென்று ஒலித்த கலமும் கைதவறின் உடையுமன்றோ? எனவே சோதனை எச்சரிக்கை தரும். காவல் தருவது படியெடுத்தல் ஒன்றே.

இவ்வுண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். சரசுவதி பூசை நாளில் சுவடிகளை வெளியிலெடுத்துத் தூசு துடைத்தலும், சிதைந்தவற்றைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதலும் அவர் மரபு. அங்ஙனம் பெயர்த்தெழுதினார் கைவண்ணம் பலவிடத்தும் எஞ்சியமையாலன்றோ, உ.வே. சாமிநாதையர் பல படிகளை ஒப்புநோக்கி 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்ற இயன்றது? மறுதலையாக, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகள் ஒருங்கே அழிந்தன.

படிகளை ஒரே கூரையின்கீழ் வைத்தலும் பயனின்று. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கிய கதையை எம் ஊரார் இன்றும் சொல்வர். கூரை பறந்தால் மேசைமேலுள்ள தட்டும், பெட்டியிலுள்ள அதன் படியும் ஒருங்கே நனையும். ஆதலின் யாம் மூன்று படிகள் செய்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றை வேற்றூரில் வாழும் தமக்கையாரிடத்தும், ஒன்றை இணையச் சேமிப்பிலும் வைத்தேம். நகலெடுத்ததோடு அமையாது, ஒவ்வொரு பதிவையும் திறந்து கேட்டேம். திறந்து பாராத படி, படியாகாது. பழைய தட்டு அடுத்த திங்களிலேயே அசைவற்று நின்றது.

சுழலுந் தகடில்லாத எஸ்.எஸ்.டி. வகையினர், தமக்கு இக்கவலை இல்லையென எண்ணற்க. அவற்றின் எழுதுந்திறனுக்கும் எல்லையுண்டு. அவை முன்னறிவிப்பின்றி அவிதலும் உண்டு.

மாணவ நண்பர்காள்! உங்கள் கட்டுரைகளும், பெற்றோர் படங்களும், இனிப் பேசாதவர் குரல்களும் எங்கே உறைகின்றன என இவ்விடுமுறையில் ஒருகால் எண்ணிப் பார்மின். சோதனைக்கு வேண்டுவது சில நிமிடங்கள். படியெடுத்தற்கு வேண்டுவது ஓர் இரவு. மாண்ட தட்டினின்று செய்தியை மீட்டல் பெரும்பொருட் செலவினது. அதுவும் எப்பொழுதும் கைகூடுவதன்று.