எல்டாரி கொடிகட்டிப் பறந்த காலம்

2023 ஜூனில் சிறு உருவங்களால் ஆன படைகளை மேசையில் மோதவிடும் வார்ஹாமர் 40,000 விளையாட்டின் 10ஆம் பதிப்பு வந்ததும் போட்டி மேசைகளில் எல்டாரி படைதான் கொடிகட்டிப் பறந்தது. அப்போது எல்டாரி ஆடுபவர் ஆட்டம் தொடங்கும்போதே 12 பகடைகளை உருட்டி ஓரமாக வைத்துக்கொள்ள முடிந்தது. வேண்டிய நேரத்தில் அதிலிருந்து ஒரு ஆறை எடுத்துப் போட முடிந்தது. ரெய்த்நைட் என்ற ராட்சத உருவத்தின் பீரங்கிக்கு அந்த ஆறு கிடைத்துவிட்டால் எதிராளியின் கவசத்துக்கு வேலையே இருக்கவில்லை. ஒவ்வொரு உருவத்துக்கும் உரிய புள்ளிகளைக் கூட்டி 2000 புள்ளிக்குள் படை அமைக்கும் ஆட்டத்தில் இதற்கு யார் ஈடுகொடுப்பது?

கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற தயாரிப்பு நிறுவனம் எல்டாரியின் புள்ளிகளை ஏற்றியது, செப்டம்பரில் அந்தப் பகடை விதியையும் மாற்றியது. நல்லதுதான்.

ஆனால் கண் வலிக்க வண்ணம் தீட்டிய உருவங்களை ஒரே திருத்தத்தில் அலமாரிக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஜெயிக்கிற பட்டியலைத் துரத்தாமல், பிடித்த படையோடு பல பதிப்புகளைக் கடந்தவரோடு ஆடிப் பாருங்கள். எந்த மூலையை எந்தச் சுற்றில் பிடிப்பது என்பது அவருக்கு அத்துப்படி. அவரிடம் தோற்பதும் எனக்குச் சந்தோஷமே.