விதை ஒன்று, வானம் வேறு

சென்னை மாநகரை விட்டுப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் மதுரவாயலைக் கடந்ததும் வேலப்பன்சாவடியை அடைவர். அதற்கு அப்பால் கரையான்சாவடி, குமணன்சாவடி என்னும் ஊர்களும் உள்ளன. வழிநடையாகச் சென்றோர் இளைப்பாறிய சாவடிகள் ஒரு காலத்தில் இந்நெடுவழியில் வரிசையாக இருந்தன என்பதை இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன. பூவிருந்தவல்லியோ பெயரிலேயே பூவைத் தாங்கிய ஊர். திருக்கச்சி நம்பிகள் இங்கு நந்தவனம் அமைத்து, நாள்தோறும் காஞ்சிக்கு மலர் சுமந்து சென்றார் என்பது வைணவர் வழிவழியாகக் கூறும் செய்தி. தோட்டத்திற்கும் இம்மண்ணிற்கும் உள்ள உறவு பழமையானது.

என் தமக்கையார் இல்லம் வேலப்பன்சாவடியில், திருவேற்காட்டுக்குப் பிரியும் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் உள்ளது. 1984ஆம் ஆண்டு நான் முதன்முதலாக அங்கே சென்றபோது, வீட்டின் பின்புறம் ஒரு கிணறும், கிணற்றடியில் வாழையும், வேலியோரம் முருங்கையும், வாசலில் அவரைப் பந்தலும் இருந்தன. அவரை விதை அத்தான் தம் சொந்த ஊராகிய திருச்சிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கொண்டு வந்தது. ஆண்டுதோறும் முற்றிய நெற்றுகளைப் பறித்து, உலர்த்தி, சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் கட்டிவைப்பார். "கடையில் விதை வாங்குபவன் விவசாயி ஆகமாட்டான்" என்பது அவர் வாக்கு.

காலம் அத்தோட்டத்தை விட்டுவைக்கவில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் முருங்கை முறிந்து விழுந்தது. 2018இல் அத்தான் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் உள்ளிட்ட சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டன. அக்காவின் கிணறும் வறண்டது. பின்கட்டு நிலம் கைமாறி, அங்கே அடுக்குமாடி எழுந்தது. எஞ்சியது மொட்டைமாடி ஒன்றே. தோட்டம் படியேறி மாடிக்குச் சென்றது.

மாடியில் கற்ற பாடம்

சென்ற ஆண்டு தை மாதத்தில் நான் அங்கே சென்றிருந்தேன். மாடியில் கால்வைத்ததும் என் கண்களை நம்ப இயலவில்லை. கம்பிகளின்மேல் அவரைக் கொடி படர்ந்து, ஊதாப் பூவும் காயுமாகக் குலுங்கியது. தொட்டிகளில் தக்காளியும் கத்தரியும் காய்த்திருந்தன. ஒரு மூலையில் துளசி, ஓமவல்லி, தூதுவளை, புதினா. மற்றொரு மூலையில் கறிவேப்பிலை. தெருவில் யாருக்கு இருமல் வந்தாலும் ஓமவல்லி இலைக்கு இங்கேதான் ஆள் வருகிறதாம்.

"முதல் ஆண்டு எல்லாம் பட்டுப்போயிற்று, தம்பி. தரையில் வளர்த்த பழக்கத்தில் மாடியிலும் வளர்த்தேன். மாடி வேறு சீமை என்று அப்போது தெரியவில்லை" என்றார் அக்கா.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. சித்திரை, வைகாசி வெயிலில் தளம் அனலாகக் கொதிக்கும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 பாகையைத் தொட்டது நினைவிருக்கலாம். பகலில் 35 பாகையைத் தாண்டி, இரவிலும் வெம்மை தணியாதபோது தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கிறது. பூ பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் உதிரும். கொத்துமல்லியோ இலை விடுவதற்கு முன்பே பூத்து விதைக்கு ஓடிவிடும். ஆகவே இவ்விரண்டையும் அக்கா பெருமழை ஓய்ந்தபின் நட்டு, பங்குனிக்குள் பலனை எடுத்துவிடுகிறார். கோடைக்கு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை ஆகியவை. அவற்றுக்கும் நிழல்வலை வேண்டும்.

செம்மண்ணோடு தென்னை நார்க்கழிவையும் மக்கிய உரத்தையும் கலந்தால் தொட்டியின் பாரம் குறையும். ஈரமும் நெடுநேரம் நிற்கும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14ஆம் ஆண்டு முதல் மானிய விலையில் வழங்கிய மாடித் தோட்டத் தளைகளிலும் இந்நார்க்கழிவே மண்ணுக்கு மாற்றாக இடம்பெற்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியின் அடித்துளை அடைபட்டால் வேர் அழுகும். தொட்டியின் அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினாலோ டெங்குக் கொசு முட்டையிடும். அரிசி கழுவிய நீர், காய்கறி கழுவிய நீர் எதுவும் இவ்வீட்டில் சாக்கடைக்குச் செல்வதில்லை. 2019 கற்பித்த பாடம் அது.

திசைதோறும் சென்ற விதை

அக்காவின் மூத்த மகள் உதகமண்டலத்தில் ஆசிரியை. இளையவள் குவைத்தில் செவிலியர். ஒரே மகன் கனடாவின் டொரன்டோ நகரில் வசிக்கிறான். தந்தையின் நினைவாக மூவரும் அவரை விதையில் ஒரு பிடி கேட்டனர். அந்தந்த நாட்டு விதிகளை விசாரித்தறிந்தே அக்கா கொடுத்தனுப்பினார். கூடவே ஒரு கட்டளையும் சென்றது: "அப்பா செய்தபடியே செய்யுங்கள். ஆடியில் ஊன்றுங்கள்."

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே மார்கழி உறைபனியில் அவரைக் கொடி ஒரே இரவில் கருகிற்று. ஆனால் மகள் சோர்ந்துவிடவில்லை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோசு, நூல்கோல் எனக் குளிர் விரும்பும் பயிர்களுக்கு மாறினாள். இவையும் அம்மலைக்கு வந்தேறிகளே. 1819இல் நீலகிரிக்கு வந்த கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவனே ஐரோப்பியக் காய்கறிகளை அங்கே பயிராக்க வழிகோலியவர். இன்று நாம் மலர்க்காட்சி காணச் செல்லும் தாவரவியல் பூங்காவும், அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் 1840களில் சந்தா சேர்த்து அமைத்த காய்கறித் தோட்டத்திலிருந்து வளர்ந்ததே. 1848இல் வந்த மெக்கைவர் என்பார் அதைப் பூங்காவாக உருவாக்கினார்.

குவைத்தின் கதை நேர்மாறானது. 2016 ஜூலை 21 அன்று அந்நாட்டின் மித்ரிபாவில் 53.9 பாகை வெப்பம் பதிவாயிற்று. அத்தகைய நாட்டில் ஆடியில் விதை ஊன்றினால் முளை எங்ஙனம் பிழைக்கும்? முதல் முறை தோற்ற இளையவள், அண்டை வீட்டாரைக் கேட்டு, வெயில் தணியும் புரட்டாசியில் ஊன்றினாள். மாடிமுகப்பின் கம்பியில் அவரை ஏறிக் காய்த்தது. அங்கே தோட்டக்காரரின் ஆண்டு புரட்டாசியில் தொடங்கிச் சித்திரையில் முடிகிறது.

ஆடியில் ஊன்றினால் பனிக்குமுன் காய்க்காது என்று டொரன்டோ மகனுக்குத் தோன்றியது. எனவே பனிக்காலம் முடிந்த மே மாத நடுவிலேயே ஊன்றினான். கொடி வேலியைத் தாண்டிக் கூரைவரை ஏறியது. ஆனால் ஒரு பூ இல்லை. செப்டம்பர் இறுதியில் மொட்டு விட்டது. அக்டோபர் பனி அனைத்தையும் கருக்கியது. மறு ஆண்டும் அவ்வாறே.

"அப்பா வைத்துச் சென்ற விதை. அதைக்கூட அவனால் காய்க்க வைக்க முடியவில்லை. ஊன்றியதோடு மறந்திருப்பான். தொலைபேசியில் நன்றாகக் கேட்டுவிட்டேன்" என்று அக்கா வருத்தத்தோடு கூறினார். அதன்பின் மகன் தோட்டத்தைப்பற்றிப் பேசுவதில்லை. பேசும் பேச்சும் குறைந்துவிட்டது.

பகலின் நீளம்

பள்ளியில் முப்பதாண்டு தாவரவியல் கற்பித்தவன் நான். அக்காவின் சொல்லைக் கேட்டதும், பாடம் நடத்திய பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் 1920இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டனர். அவர்கள் வளர்த்த ஒருவகைப் புகையிலை, கோடையில் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வைத்தபோது சிறு செடியாக இருக்கையிலேயே பூத்தது. உரமோ வெப்பமோ அதற்குக் காரணம் அன்று. கோடையிலும் நாள்தோறும் மாலையிலேயே அதை இருட்டறையில் அடைத்தபோது பூத்துவிட்டது! பகல் குறுகினால்தான் பூக்கும் செடிகள் உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. அவை உண்மையில் இரவின் நீளத்தையே அளக்கின்றன என்பது பின்னர் விளங்கியது.

நம் கொடி அவரையும் அத்தகைய செடியே. ஆடியில் ஊன்றிய விதை கார்த்திகையில் பூப்பது பகல் குறுகுவதால்தான். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. டொரன்டோவிலோ ஜூன் மாதப் பகல் பதினைந்து மணி நேரத்திற்கும் மேல் நீள்கிறது. அவ்வெளிச்சத்தில் கொடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். அங்கே பகல் குறுகும்போது உறைபனி வாசலில் நிற்கும்.

இதனை விளக்கியதும் அக்கா நெடுநேரம் பேசவில்லை. அவரைப் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், "அப்படியானால் அவன் மேல் குற்றம் இல்லையா, தம்பி?" என்றார்.

"குற்றம் அவன் மேலும் இல்லை, விதை மேலும் இல்லை அக்கா. விதை நம் ஊர் வானத்தை மனத்தில் வைத்திருக்கிறது. அங்கே வானம் வேறு."

அன்றிரவே அக்கா மகனை அழைத்தார். "நான் அறியாமல் பேசிவிட்டேன், கண்ணு" என்று தாயே தொடங்கியது என் காதில் விழுந்தது. மேலே கேட்பது முறையன்று என்று நான் மாடிக்குச் சென்றுவிட்டேன்.

பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் காய்க்கும் செடி அவரை வகைகளை நம் வேளாண் அறிஞர்கள் உருவாக்கியுள்ளனர். அவ்விதை டொரன்டோவுக்குச் சென்றது. ஏப்ரலில் வீட்டுக்குள் சன்னலோரம் முளைக்கவைத்து, மே இறுதியில் வெளியே நடும்படி எழுதினேன். ஆவணி மாதத்தில் அக்காவின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. பேரப்பிள்ளையின் இரு கைகளிலும் அவரைக்காய். அத்தானின் விதையும் அங்கே வீணாகவில்லை. வாளி ஒன்றில் வைத்து, மாலை ஐந்து மணிக்கெல்லாம் கொட்டகையில் அடைத்துப் பார்த்திருக்கிறான் மகன். ஆடியிலேயே பூத்ததாம். காய் கொஞ்சந்தான், ஆனால் அடுத்த ஆண்டுக்கு விதை ஆயிற்று.

அன்பு வாசகர்களே, நம் பங்குக் குடும்பங்களில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பாதவை குறைவு. நம் வீட்டில் காய்த்தவாறே அங்கும் காய்க்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். காய்க்காதபோது கவனக்குறைவு என்கிறோம். தொட்டியில் விதை ஊன்றுமுன் அவ்வூரின் வெயிலையும் பனியையும் பகலையும் கேட்டறிவது தோட்டக்காரரின் முதற்கடமை. தொலைபேசியில் கடிந்துகொள்ளுமுன் அவ்வாறு கேட்டறிவது பெற்றோருக்கும் நன்று. வேலப்பன்சாவடி மாடியில் அக்கா இப்போது ஞாயிறுதோறும் மகனிடம் முதலில் கேட்பது, "அங்கே இன்று எத்தனை மணிக்குப் பொழுது சாய்ந்தது?" என்பதுதான்.