பிளவக்கல் நீரும் கடலின் குஞ்சுகளும்

திருவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பை அடைந்து, நெல்வயல்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து மேற்கே சென்றால் பிளவக்கல் வந்துவிடும். மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். இப்பெரியாற்றை முல்லைப் பெரியாறு என்று மயங்குவோர் உளர். இது வேறு, மிகச் சிறியது.

பங்கின் இளைஞர்களோடு நாம் சென்ற அன்று, நீரோரத்தில் ஒருவர் வீச்சு வலையை உதறிக்கொண்டிருந்தார். விரல் நீளமும் இல்லாத கெண்டைக் குஞ்சுகளை அவர் நீரிலேயே திருப்பி விட்டார். அவை துள்ளி மறைந்தன. உயிரோடிருந்தமையால் விட முடிந்தது.

இந்நீர் அர்ச்சுனா நதி வழியே வைப்பாற்றில் கலந்து, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவைச் சேர்வது. (நல்ல மழை பெய்யும் ஆண்டுகளில்தான் என்பதை நம் மாவட்டத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.) அக்கடலில் நடப்பதோ வேறு. விசைப்படகின் இழுவலை கடலடியை மணிக்கணக்கில் வாரிச் செல்கிறது. இறாலுக்கென விரித்த வலையில் மீன் குஞ்சுகளும் நண்டுகளும், சில வேளை கடலாமையும் வந்து விழுகின்றன. வலையின் கோடிப் பையில் நசுங்கி, மேலே வருமுன்பே பெரும்பாலானவை மாண்டுபோகின்றன. கரையில் இக்குவியலுக்குச் 'சங்காயம்' என்று பெயர். காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவர். வளர்ந்து முட்டையிட்டிருக்க வேண்டிய மீன்கள் அவை!

விண்ணரசை வலைக்கு ஒப்பிட்ட ஆண்டவரின் உவமையை வாசகர் அறிவர். அதில் மீனவர் கரையில் அமர்ந்து நல்லவற்றைக் கூடையில் சேர்த்து, ஆகாதவற்றை எறிகின்றனர். உவமையின் பொருள் என்றும் மாறாது. ஆயினும் இழுவலையில் கரைக்கு வந்தபின் பிரிப்பதால் ஒரு குஞ்சும் பிழைப்பதில்லை. வலை ஓடும்போதே, கடலுக்குள்ளேயே பிரித்தாக வேண்டும்.

அதற்கு வழியுண்டு. வழக்கமான வலைக்கண் சாய்சதுரமானது. இழுக்கும்போது சுருங்கி மூடிக்கொள்ளும். சதுரக் கண்ணாகக் கட்டினால் இழுவையிலும் திறந்தே நிற்கும், குஞ்சு நழுவிவிடும். 1957-இல் தொடங்கப்பெற்ற கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் மேலும் ஒரு படி சென்று, வலைக்குள் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினர். இறால் ஒரு பையிலும் பெரிய மீன் மற்றொரு பையிலும் தங்க, குஞ்சுகள் வெளியேறும். 2005-இல் உலகப் போட்டியொன்றில் இது பரிசு பெற்றது. ஆமை தப்பிச் செல்ல வாசல் வைத்த சட்டமும் உண்டு.

தமிழகத்தில் இழுவலைக் கோடிப் பையின் கண் 40 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது விதி. கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடையும் 2017 முதல் இருந்து வருகிறது. தடைநாளில் படகு கரையில் நிற்பதை எவரும் காணலாம். நடுக்கடலில் வலைக்கண்ணை அளப்பவர் யார்?

மீனவரைப் பேராசைக்காரர் என மேடையில் ஏசுவதை நாம் ஏற்பதில்லை. பெரிய கண்ணில் நல்ல இறாலும் சிறிது தப்பும். சங்காயத்துக்கும் விலையுண்டு, டீசல் செலவில் ஒரு பங்கை அது ஈடுசெய்கிறது. தனியொருவர் வலையை மாற்றினால், அவர் விட்டதை அடுத்த படகு அள்ளிக்கொள்ளும். எனவே ஒரு துறையின் படகுகள் யாவும் ஒருங்கே மாற வேண்டும். முத்துக்குளித்துறைப் பங்குகளில் கோவில் திருவிழாவுக்கென ஊரே ஒரு நாளில் தொழிலை நிறுத்துகிறது. வலை மாற்றத்துக்கும் அவ்வாறே ஒரு நாளைப் படகுச் சங்கங்கள் குறிக்கலாகாதா?