மழையும் இரப்பர் விளிம்பும்

மகிழுந்து வாங்குவோர் எதை எதையோ ஆராய்கின்றனர். இயந்திரத்தின் ஆற்றல் என்ன, எண்ணெய்ச் செலவு எவ்வளவு, வண்ணம் கண்ணுக்கு இனியதா, இருக்கை உடலுக்கு இதமா என்றெல்லாம் வினவுகின்றனர். முன்கண்ணாடியின்மேல் ஈர்க்குச்சிபோல் ஒட்டிக் கிடக்கும் துடைப்பானைப் பற்றி ஒரு சொல் கேட்டவரை நான் கண்டதில்லை. நானும் கேட்டதில்லை. பட்டறைகளில் 'வைப்பர்' என்று வழங்கும் அச்சிறு பொருள், மழை இல்லாதபோது நினைவுக்கு வருவதில்லை. மழை வந்தபின் நினைத்துப் பயனில்லை. இவ்வுண்மையை நான் நூலில் படித்து அறியவில்லை. சாலையில் நடுங்கி நின்று அறிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் அக்டோபர் மாத மாலை. கிள்ளானில் இலக்கியக் கூட்டமொன்று முடிந்து, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள என் இல்லத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பருவக்காற்று மாறும் அந்நாள்களில் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் மேகம் திரண்டால் பெரும்பாலும் பெருமழைதான். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலமைக் கடக்கும்போதே வானம் உடைந்து கொட்டியது. துடைப்பானை முடுக்கினேன். அது கிறீச்சிட்டது. அவ்வொலி எனக்குப் புதிதன்று. மூன்று மாதங்களாகக் கேட்டு வந்ததுதான். அது கேட்டபோதெல்லாம் வானொலியின் ஒலியைக் கூட்டிக்கொண்டேனே அன்றி, அது என்ன சொல்ல வருகின்றது என்று எண்ணிப் பார்த்தேனில்லை.

நெடுஞ்சாலையை விட்டிறங்கி, வீட்டுக்குச் செல்லும் சாலையில் திரும்பியபோது இருட்டிவிட்டது. வலப்புறத் துடைப்பான், சரியாக என் கண்ணுக்கு நேரே, ஒரு கையகலத்திற்கு நீர்ப்படலத்தை விட்டுவிட்டே சென்றது. எதிரே வந்த வண்டிகளின் விளக்கொளி அப்படலத்தில் பட்டுச் சிதறியது. அந்தச் சிதறலுக்குள், சாலையோரம் நின்ற மோட்டார் சைக்கிளும், மழையங்கியை எடுத்து அணிந்துகொண்டிருந்த ஒரு தந்தையும், அவரருகே பள்ளிப் பையுடன் நின்ற சிறுமியும் மறைந்துபோயினர். நான் கண்டபோது அவர்கள் மிக அண்மையில் இருந்தனர். பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கிச் சென்று, ஒரு முழ இடைவெளியில் நின்றது. அத்தந்தை என்னை ஏசவில்லை. மகளைத் தம்மோடு அணைத்துக்கொண்டு, என் முன்கண்ணாடியை ஒருகணம் நோக்கினார், அவ்வளவே. அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, பெட்டாலிங் ஜெயாவின் பழைய நகர்ப் பகுதியில் உள்ள ஒரு பட்டறைக்குச் சென்றேன். அதை நடத்தும் இளைஞர் முன்னர் என்னிடம் தமிழ் பயின்றவர். அவர் துடைப்பானைத் தூக்கி நிறுத்தி, அதன் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஐயா, இதைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?"

விடை தெரியாத மாணவன்போல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. பாடம் நடத்தத் தொடங்கினார்.

துடைப்பானின் இரப்பர் நுனி மிக மெல்லியது. கண்ணாடியின்மேல் அது நிமிர்ந்து செல்வதில்லை. செல்லும் திசைக்கு எதிராகச் சாய்ந்து, இழுபட்டுச் செல்கின்றது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் அந்நுனி மறுபக்கம் புரண்டு படுக்க வேண்டும். வெயிலின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் காற்றில் உள்ள ஓசோனும் இரப்பரை இறுகச் செய்து, நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்குகின்றன. இறுகிய நுனி புரள மறுக்கின்றது. அப்போதுதான் அது கிறீச்சிடுகின்றது. துள்ளித் துள்ளிச் செல்கின்றது. கோடு கோடாக நீரை விட்டுச் செல்கின்றது. இவை மூன்றும் அது விடுக்கும் அறிவிப்புகள். நம் நாட்டு வெயிலில் ஆறு மாதத்திற்கும் ஓராண்டிற்கும் இடையே அதை மாற்றிவிடுவது நலம்.

தேர்ந்தெடுக்கும் முறையையும் அவர் சொன்னார். வலமும் இடமும் ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் ஓட்டுநர் பக்கத்துத் துடைப்பான் நீளமானது. பழையதை அங்குலக் கணக்கில் அளந்தே வாங்க வேண்டும். நீளம் மிகுந்தால் ஒன்றோடொன்று இடிக்கும். குறைந்தால் பார்வை குறையும். கைப்பிடியின் கொக்கிக்குப் பொருந்துகின்றதா என்பதையும் பார்க்க வேண்டும். சட்டம் உறுதியாக இருப்பின், சில வகைகளில் இரப்பர்ப் பட்டையை மட்டும் மாற்றினால் போதும். விலை உயர்ந்தது என்பதற்காக மயங்க வேண்டியதில்லை. கடையில் நெடுநாள் கிடந்து இறுகிப் போகாததா என்பதே முதற்கேள்வி.

பின்னர் ஒரு தடித்த துணியை மடித்துக் கண்ணாடியின்மேல் விரித்தார். "இதை மறந்துவிடாதீர்கள், ஐயா. துடைப்பானைக் கழற்றிய பிறகு வெறுங்கை பட்டென்று விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும்" என்றார். கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் நுனியைத் துடைத்துக் கரியை அகற்றுவது, கண்ணாடியில் படியும் எண்ணெய்ப் பசையைக் கழுவுவது, காய்ந்த கண்ணாடியில் துடைப்பானை ஓட்டாதிருப்பது, பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ அதன்மேல் படவிடாதிருப்பது ஆகியனவே அவர் கூறிய பராமரிப்பு. என் மாணவர் எனக்களித்த பாடத்தில் கடினமானது எதுவும் இல்லை. கடைப்பிடிக்காததற்குச் சொல்லக்கூடிய காரணமும் என்னிடம் இல்லை.

கழற்றிய பழைய இரப்பர்ப் பட்டையை அவர் என் கையில் தந்தார். அதைத் தொட்டதும் என் தந்தையார் நினைவுக்கு வந்தார்.

அவர் கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போவார். மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து, மறுநாளைக்காகக் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டுவார். பால்மரத்தின் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். வெட்டு ஆழமாக இறங்கினால் மரம் காயமுற்று, அவ்விடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அன்று கத்தி கூர்மையாகத்தானே இருக்கின்றது என்று நான் ஒருநாள் கேட்டேன். "மழுங்கின பிறகு தீட்டுறவன் வெட்டுக்காரன் இல்லடா" என்றார். மழை அவருக்குப் பகை. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்தோடும். மங்கில் மழைநீர் கலக்கும். வெட்டு இல்லாத நாளில் எங்கள் வீட்டில் கூலியும் இல்லை. ஆகவே, விழித்தவுடன் வானத்தை நோக்குவது அவர் வழக்கம்.

இந்த இரப்பரின் கதை நம் கதையோடு பின்னியது. 1876இல் பிரேசிலிலிருந்து வித்துகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்றன. 1877இல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பின்னர் எழுந்த தோட்டங்களில் நம் முன்னோர் உழைத்தனர். இன்று நான் வண்டியோட்டும் பெட்டாலிங் ஜெயாவே எஃபிங்ஹாம் என்னும் இரப்பர்த் தோட்டமாக இருந்து, 1950களின் தொடக்கத்தில் நகராக உருப்பெற்றதுதான். கண்ணாடித் துடைப்பானுக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி. நியூயார்க் நகரில் பனிமழையில் டிராம் வண்டியோட்டி படும் பாட்டைக் கண்டு, உள்ளிருந்தே நெம்புகோலால் இயக்கும் இரப்பர்த் துடைப்பானை அவர் வகுத்தார். அன்று அதைத் தயாரிக்க நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. சிறியதன் அருமையை உலகம் காலந்தாழ்த்தியே உணர்கின்றது. நானும் அவ்வுலகத்தைச் சேர்ந்தவனே.

துடைப்பானின் இரப்பரை நுனிகள் ஒட்டிய இரட்டையாக வார்த்து, நடுவே கூரிய கத்தியால் பிளக்கும் செய்முறை ஒன்று உண்டு. அவ்வெட்டே அதற்கு நேரான விளிம்பைத் தருகின்றது. இக்காலத் துடைப்பான்களில் செயற்கை இரப்பரும் சிலிக்கோனும் உள்ளன. என் கையிலிருந்த பட்டை எம்மரத்துப் பாலோ, பாலே அன்றோ, நானறியேன். ஆயினும், ஒரு வெட்டுக்காரரின் மகனாகிய நான் மழுங்கிய விளிம்போடு மூன்று மாதம் ஓட்டினேன் என்பது மட்டும் உறுதி. அந்தச் சிறுமிக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால், மழையின்மேல் பழிபோட்டிருப்பேன். மழை என்ன செய்யும்?

இப்போது என் நாட்குறிப்பில் துடைப்பான் மாற்றிய நாளை எழுதி வைக்கின்றேன். சனிக்கிழமை தோறும் ஈரத்துணியோடு வண்டியருகே நிற்கும் என்னைப் பார்த்து என் துணைவியார் நகைப்பதுண்டு. நகைக்கட்டும்.

நேற்று மாலையும் நல்ல மழை. அந்தச் சாலையில் திரும்பும்போது வேகத்தைக் குறைத்தேன். துடைப்பான் ஓசையின்றிச் சென்று வந்தது. கண்ணாடி தெளிவாக இருந்தது. சாலையோரத்தில் எவரும் இல்லை. இருந்திருந்தால் கண்டிருப்பேன்.