நிமிஷத்துக்கு நாலு

கண் எரியுது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். வீட்டில் என்றால் வெள்ளரிக்காய், பன்னீர், தலைக்கு நல்லெண்ணெய். ஓஎம்ஆர் பக்கம் என்றால் நீல வெளிச்சத்தைத் தடுக்கும் கண்ணாடி. போன வருஷம் எங்கள் அலுவலகத்தில் ‘ஆரோக்கிய வாரம்’ கொண்டாடி ஆளுக்கு ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். லேசான மஞ்சள், சாய்த்தால் ஊதா மினுக்கம். எல்லோரும் போட்டுக்கொண்டு குரூப் போட்டோ எடுத்தோம். அழகாகத்தான் இருந்தது.

அந்தக் கண்ணாடி கண் களைப்பைக் குறைக்கிறதா என்று 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, காக்ரேன் அமைப்பு 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குறுகிய காலப் பயன்பாட்டில் சாதாரணக் கண்ணாடிக்கும் இதற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் அதன் சாரம். மானிட்டரிலிருந்து வரும் நீல வெளிச்சமெல்லாம், மொட்டைமாடியில் வடகம் காயவைக்கப் போகும்போது கண்ணில் படுவதன் முன்னால் தூசு.

நான் மெடிக்கல் கோடிங் பார்க்கிறேன். அமெரிக்காவில் யாரோ ஒருவர் படியில் வழுக்கி விழுந்து எமர்ஜென்சிக்குப் போவார். டாக்டர் எழுதிய குறிப்பை இடதுபக்க மானிட்டரில் படித்து, அதற்குரிய எண்ணை வலதுபக்க மானிட்டரில் போட வேண்டும். மணிக்கு 14 சார்ட். 95 சதவீதம் சரியாக இருக்க வேண்டும். எட்டரை மணி நேரம் கண் இந்த இரண்டு சதுரத்துக்குள்ளேயே கிடக்கும். பஸ்ஸில் ஏறினால் கைக்குள் மூன்றாவது சதுரம்.

இந்த வேலைக்கு வந்ததே புத்தகம் வாங்கக் கையில் காசு வேண்டும் என்றுதான். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் பாதி உண்மை. முதல் வருஷ ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய் இரண்டு பை நிறைய வாங்கி வந்தேன். மூன்றாவது வருஷம் வாங்கியவை இன்னும் பிரிக்காமல் நிற்கின்றன. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு நாவலைத் திறந்தால் பத்தாவது வரியில் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகிவிடும், புள்ளிகள் காணாமல் போகும், புருவத்துக்கு மேலே ஒரு கயிறு இறுகும். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று சொலவடை உண்டு. எனக்கு அது பே-ஸ்லிப்பில் வரும் ஒரு வரியாகவே தெரிய ஆரம்பித்தது.

கண் டாக்டர் கீழிமைக்குள் ஒரு மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். ஷிர்மர் சோதனை. கண்ணீர் அந்தக் காகிதத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்ப்பார்கள். பத்துக்கு மேல் என்றால் பொதுவாகக் கவலையில்லை. எனக்கு இடது 7, வலது 6. அவர் எழுதுவதற்கு முன்பே எனக்கு நம்பர் தெரியும்: எச்04.123, இரண்டு கண்ணிலும் வறட்சி. கூடவே எச்53.143, பார்வை அசௌகரியம், அதுவும் இரண்டு பக்கமும். யார் யாருக்கோ போட்ட கோடு.

“டிராப்ஸ் எழுதித் தர்றேன்மா. ஆனா நீங்க வேலை செய்யும்போது நிமிஷத்துக்கு எத்தனை தடவை இமைக்கிறீங்கன்னு யாரையாவது எண்ணச் சொல்லுங்க.”

ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோக முடியாது. நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்று லாக்கரிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் வீடியோ எடுக்க வழியில்லை. பக்கத்து சீட் அக்காவிடம் கேட்டேன். பதினோரு வருஷமாக இதே வேலையில் இருப்பவர். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு பார்வை மானிட்டர் மூலையில் ஓடும் கடிகாரத்தில், ஒரு பார்வை என் முகத்தில் என்று விரல்விட்டு எண்ணினார்.

“நாலுதாண்டி. உசிரு இருக்கான்னு பயந்துட்டேன்.”

சாப்பாட்டு நேரத்தில் கதை பேசும்போது எண்ணினார்: 17. பிறகு நான் அவருக்கு எண்ணினேன். வேலையில் ஐந்து. இதற்காக அக்கா ஒரு சார்ட்டை விட்டுக்கொடுத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, ஆனால் அவர் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிய ஐந்து நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்து அதை ஈடுகட்டிவிட்டுத்தான் எழுந்தார்.

மனிதர்கள் சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குப் பதினைந்து தடவை போல இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்குகிறது, இமைத்தாலும் பலநேரம் அரைகுறையாகத்தான் மூடுகிறோம். கண்ணின் மேல் கண்ணீர் ஒரு படலமாகப் பரவியிருக்கிறது. அடியில் வழவழப்பான ஒரு பூச்சு, நடுவில் நீர், மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெய் இமையோரச் சுரப்பிகளிலிருந்து வருகிறது. முழுதாக மூடினால்தான் அது சரியாக வெளியே வந்து பரவும். இல்லையென்றால் நீர் ஆவியாகும். தலைக்கு மேல் ஏசி வேறு ஊதிக்கொண்டிருக்கும். எரிச்சலில் பாதிக் கதை இதுதான்.

நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருப்பார்கள். நால்வர் தேவர்கள். கால் தரையில் படுவதையும், மாலை வாடுவதையும், கண் இமைப்பதையும் பார்த்து தமயந்தி உண்மையான நளனைக் கண்டுபிடிப்பாள். தேவர்கள் இமைக்க மாட்டார்கள், அதனால்தான் இமையவர். எங்கள் ஃப்ளோருக்கு அவள் வந்திருந்தால் மாலையோடு திரும்பிப் போயிருப்பாள்.

மீதிப் பாதி, தூரம். பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணுக்குள் ஒரு தசை இறுக வேண்டும். தொலைவைப் பார்த்தால் தளரும். நாள் முழுக்க அறுபது சென்டிமீட்டரையே பார்ப்பது நாள் முழுக்க ஒரு பையைத் தூக்கிப் பிடிப்பது போல. பை கனமில்லை, இறக்கி வைக்காததுதான் வலி. இதற்காகத்தான் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற பார்வை நிபுணர் 1990-களில் 20-20-20 என்ற விதியைச் சொன்னார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளியிருப்பதை இருபது விநாடி பார். விஷயம் அதைவிடப் பழசு. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-ல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி, நுணுக்க வேலை செய்பவர்களிடம், அவ்வப்போது கண்ணை வேலையிலிருந்து எடுத்து வேறு பொருள்கள் மேல் அலையவிடச் சொல்லியிருக்கிறார். முன்னூறு வருஷமாக ஒரே மருந்துச் சீட்டு.

சரி, நானும் பார்த்தேன். என் சீட்டிலிருந்து சரியாக இருபது அடியில் இருப்பது சுவரில் மாட்டிய பெரிய டிவி. அதில் எங்கள் எல்லோர் பெயரும், முடித்த சார்ட் எண்ணிக்கையும். டார்கெட்டுக்குக் கீழே போனால் பெயர் சிவப்பாகும். கண் தசை தளர்கிறது, வயிறு இறுகுகிறது. ஜன்னல் இருக்கிறது, ஆனால் திரைச்சீலை எப்போதும் இறங்கியே இருக்கும்.

இருக்கும் இடத்திலேயே செய்ய முடிந்ததைச் செய்தோம். மானிட்டரைத் தாழ்த்தினேன். பார்வை கொஞ்சம் கீழ்நோக்கி இருந்தால் இமை தாழ்ந்து, காற்றில் படும் கண்பரப்பு குறையும். எழுத்தை 130 சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். ஏசி துவாரத்துக்கு ஓர் அட்டையை ஒட்டினோம், மெயின்டெனன்ஸ் அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். ஒவ்வொரு சார்ட்டையும் சப்மிட் செய்யும்போது கண்ணை முழுசாக மூடி, ஒரு மூச்சு, திற. அது அக்காவின் யோசனை. மணிக்குப் பதினான்கு மூச்சு, எந்த டிவியிலும் பதிவாகாது.

டீ நேரத்தில் ஆறாம் மாடிப் படிக்கட்டு ஜன்னலுக்குப் போகிறோம். அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம் தெரியும். நீரில் வெள்ளையாக ஏதோ நிற்கும். கூழைக்கடா என்பார் அக்கா, பிளாஸ்டிக் கவர் என்பேன் நான். பறந்தால் அக்காவுக்கு ஜெயம். ராத்திரியில் இப்போது இருபது பக்கம் வரை ஓடுகிறது, சில நாள் முப்பது.

பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டுத் திரைச்சீலையைத் தூக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். வெளிச்சம் மானிட்டரில் பட்டுக் கூசும் என்று பதில் வந்தது. அது நியாயம்தான். மேஜைகளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பினால் கூசாது என்று படம் வரைந்து மறுபடி அனுப்பினோம். ஃபெசிலிட்டீஸ் டிக்கெட் ஏழு வாரமாக ‘ஓப்பன்’ என்று காட்டுகிறது. அக்கா தினமும் காலையில் திறந்து பார்க்கிறார்.