மொட்டைமாடியில் ஓர் ஓட்டையைத் தேடி

செய்யூர்ப் பக்கம் ஐப்பசி பிறந்தால் கூரைக் கவலையும் பிறந்துவிடும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கடலோர ஊர் என்பதால் உப்புக் காற்று வேறு. ஈரம் உள்ளே போனால் கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட்டையே பெயர்த்துவிடும்.

ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறு. மாடியில் ஒட்டும் நீர்த்தடுப்பு ஷீட்டுக்குக் கீழே இறங்கிய தண்ணீர் தளத்தின் மேல் ஊர்ந்து, விரிசல் கிடைத்த இடத்தில்தான் சொட்டும். இரண்டு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தால் ஒழுகுகிறது என்று தெரியும். எங்கிருந்து என்று தெரியாது.

அதைக் காட்டும் மின்சாரச் சோதனையைப் பார்க்க நான் போன வீட்டில் தார் ஷீட் ஒட்டி முடித்திருந்தார்கள். தட்டோடு இன்னும் பதிக்கவில்லை. சோதனைக்கு வந்தவர் முதலில் மாடி முழுக்கத் தண்ணீர் தெளித்தார். ஓரமாக ஒரு வெறுங்கம்பி ஒயரைச் சுற்றிலும் போட்டு, கருவியின் ஒரு முனையை அதில் இணைத்தார். மறுமுனைக்கு எர்த் வேண்டுமே! அடுத்த மாடிக்காக விட்டிருந்த தூண் கம்பியின் துருவைச் சுரண்டிக் கிளிப்பை மாட்டினார். அந்தக் கம்பிகளையும் டிஷ் ஆன்டெனாவின் காலையும் சுற்றித் தனித்தனியாக ஒயர் வளையம் போட்டார். இல்லாவிட்டால் மின்சாரம் அவை வழியாகவே இறங்கிப் பொய்க் கணக்குக் காட்டும்.

"ஷாக் அடிக்குமா தம்பி?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"நாப்பது வோல்ட்டுதாம்மா. இருந்தாலும் ஒயர் பக்கம் வராதீங்க."

ஷீட் மின்சாரத்தைக் கடத்தாது. ஓட்டை இருந்தால் மேலே உள்ள ஈரம் அதன் வழியே கான்கிரீட்டைத் தொட்டிருக்கும். மின்சாரமும் அங்கேதான் ஓடும். இரண்டு கோல்களை ஊன்றி ஊன்றி அவர் நடக்க, மீட்டர் முள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தப் பக்கமே போனார். தண்ணீர் வெளியேறும் குழாய்க்கு அருகே ஓரடி தாண்டியதும் முள் சட்டென எதிர்ப்புறம் திரும்பியது. குனிந்து விரலால் தடவினார். ஆணி முனை அளவில் ஒரு துளை. கம்பித் துண்டு கிடந்ததைக் கவனிக்காமல் யாரோ மிதித்திருக்க வேண்டும் என்றார். மெழுகுக் குச்சியால் வட்டமிட்டார். காயவைத்து ஒட்டுப் போட்டபின் மறுபடி சோதித்தார்கள், முள் அசையவில்லை. கைப்பிடிச் சுவரில் தண்ணீர் தேங்காதே. அங்கே காய்ந்த ஷீட்டின் மேல் உயர் மின்னழுத்தத் தூரிகையை ஓட்ட வேண்டும். ஓட்டை இருந்தால் பொறி பறக்கும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியுமாகத் தட்டி இறுக்கிய கனம் முழுவதும் மழையைத் தாங்கியது. இன்று நாம் நம்பியிருப்பது மூன்று, நான்கு மில்லிமீட்டர் ஷீட்டை. அதைச் சோதிக்காமல் தட்டோட்டால் மூடுவது பெருந்தவறு என்பேன்; பிறகு ஓட்டையைத் தேட மாடியையே உடைக்க நேரும்.

வீடு கட்டுகிறவர்கள் தட்டோடு பதிக்கும் முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். கறுப்பு ஈ.பி.டி.எம். ரப்பர் ஷீட்டுக்கு இது பொருந்தாது. அதிலுள்ள கார்பன் மின்சாரத்தைக் கடத்திவிடும். ஷீட் வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.