குறை சொல்ல வந்த பாட்டி

கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் அடுப்படியை விளையாட்டாக்கியது ‘வெண்பா’. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. மறு ஆண்டு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஜொகூர் நண்பர் சொன்னார்: “நம்ம ஊர்லயும் பிள்ளைங்க எஸ்டேட் கதையை வச்சு ஒண்ணு பண்றாங்க. இன்னும் முடியல. வந்து குறை சொல்லிட்டுப் போங்க லா.”

ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டின் மாடி. கதை எழுதும் பெண், படம் வரையும் இளைஞர், நிரல் எழுதுபவர் என மூன்றே பேர். நிரல் எழுதுபவர் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, இரவில்தான் இதைத் தொடுகிறார்.

அவர்கள் செய்வது விஷுவல் நாவல். திரையில் ஒரு படம், கீழே உரைப்பெட்டி. நாம் தட்டத் தட்டக் கதை நகரும். இடையிடையே கதைமாந்தருக்காக நாம் முடிவெடுக்க வேண்டும். 2004 முதல் இலவசமாகக் கிடைக்கும் ரென்பை என்ற கருவியில் செய்கிறார்கள். அதன் பழைய பதிப்பில் தொடங்கியதால் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றிருக்கிறது. எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் சேர்ந்த புதிய பதிப்புக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

விளையாடிப் பார்ப்பவரின் பின்னால் மூவரும் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அவர் எங்கே நிற்கிறார், எங்கே படிக்காமல் தட்டித் தள்ளுகிறார் என்று குறித்துக்கொள்கிறார்கள். எனக்கு முன் விளையாடிய ஒருவர், “ஒரு காதல் சேருங்க” என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு ஏதோ சலித்திருக்கிறது, உண்மை. எந்த இடத்தில் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு உதவியிருக்கும். மருந்தை அவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். வலிக்கும் இடத்தைக் காட்டுவதுதான் நம் வேலை. நான் எழுதியது இது: “மகன் சிங்கப்பூர் போவதா என்ற கேள்விக்கு இரண்டு பதில் தந்தீர்கள். எதைத் தொட்டாலும் அம்மா ஒரே வசனம் பேசுகிறார். அதன்பின் வந்த கேள்விகளுக்கு நான் யோசிக்கவே இல்லை.” எழுதும் பெண் அதை இரண்டு முறை படித்தார்.

ஆனால் அன்றைய நாள் அவருடைய பாட்டிக்குச் சொந்தமானது. கூலாய்ப் பக்கத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுக்கும் மேல் பால்மரம் வெட்டியவர். ஒட்டுப்பால் பொறுக்கும் வயதில் அம்மாவோடு தோட்டத்துக்குள் போனவர். தோட்டம் கைமாறி வீடமைப்பு வந்தபோது லயத்து வீட்டையும் சேர்த்து இழந்தவர். பேத்தி வசனங்களை வாசிக்க, பாட்டி திரையைப் பார்த்தார். வரிசையாக மரங்கள், இலைகளுக்கிடையே நல்ல வெயில், அடியில் ஒரு பெண் உளியோடு நிற்கிறாள். அழகான படம்.

“ஏம்மா, வெயில் ஏறின பொறவு வெட்டுனா பால் எங்க வரும்?”

விடியற்காலைக் குளிரில்தான் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக வடியும். வரைந்தவரின் பேனாவை வாங்கி, வெட்டு இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழே சரிய வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டினார். பால்குழாய்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏறுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் திறக்கும். படத்தில் நேர்மாறாக இருந்தது.

அடுத்தது இன்னும் பெரியது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், கதாநாயகி தோட்டத்துக் கணக்கரான கிராணியை எதிர்த்து நீளமாகப் பேசுகிறாள். பாட்டி கையை உயர்த்தி நிறுத்தினார். “கிராணி முன்னால யாரும்மா இவ்ளோ பேசுனோம்? வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டிக்கிட்டேதான் பேசுவோம்.” அந்தக் காட்சி முழுவதும் லயத்து அடுப்படிக்கு மாறுகிறது. நான் படித்த எந்த விமர்சனமும் ஒரு கதைக்கு இவ்வளவு செய்ததில்லை.

இத்தனையும் செய்து முடித்தபின் விற்பது ஸ்டீம் என்ற இணையக் கடையில். நுழைய 100 டாலர். விற்பனையில் 30 விழுக்காடு ஸ்டீமுக்கு. ஒரு விளையாட்டு ஒரு கோடி டாலர் ஈட்டினால் அதன்பின் 25 ஆகக் குறையும், ஐந்து கோடியைத் தாண்டினால் 20. பணம் படைத்தவனுக்குச் சலுகை, மாடியறையில் இருப்பவருக்கு முழுப் பிடித்தம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இவர்கள் கதையோ அதற்குள் முடிந்துவிடும். பெரட்டுக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்கிய கங்காணியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் கங்காணிக்காவது ஆள்களின் பெயர் தெரியும். தளத்துக்கான பங்கைப் படைப்பவரையே முடிவுசெய்யச் சொல்லும் இட்ச் போன்ற தளமும் இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு. நம்மவர்கள் அங்கே போய்க் காசு கொடுத்து வாங்க வேண்டும். வாங்கியபின் இரண்டு வரி எழுதவும் வேண்டும். “சூப்பர்” என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்களால் எதையும் திருத்த முடியாது.

அடுத்த பதிப்பில் கிராணியின் வசனங்களை உண்மையான பழைய கிராணி ஒருவரிடமே காட்ட நினைக்கிறார்கள். இன்னும் ஆள் கிடைக்கவில்லை. குளுவாங், சிகாமட் பக்கம் தோட்டத்தில் கணக்கு எழுதியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவரிடம் சொல்லுங்கள்.